"புகை வரவே இல்லையே டொக்டர், பிறகு எப்படி?"

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகி, பனிப்புயலில் வீட்டுக்குள் கரி எரித்த ஓர் இரவைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு 38 வயது, கணவருக்கு 49. 9 வயதில் மகள், 4 வயதில் மகன். யாழ்ப்பாணத்தில் இருந்து, பெற்றோரை அழைக்கும் சூப்பர் விசாவில் வந்த மாமியாரும் கூட இருக்கிறார். அவருக்கு 71 வயது, நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர். வாடகை வீடு. மூன்று வாரங்களுக்கு முன் வீசிய பனிப்புயலில் ஒரே இரவில் முன்கதவின் பாதி உயரத்துக்குப் பனி குவிந்து, கதவைத் தள்ளித் திறக்க முடியாமல் போயிருக்கிறது. அன்று மாலையே கரண்டும் போய்விட்டது. எரிவாயு வந்துகொண்டிருந்தாலும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் விசிறி கரண்டில்தான் ஓடும். வீடு மெல்ல மெல்லக் குளிர்ந்து, மறுநாள் மாலை வரவேற்பறை 11 டிகிரிக்கு இறங்கிவிட்டது.

அப்போது மாமிதான் யோசனை சொல்லியிருக்கிறார். "ஊரில அஞ்சு வருஷம் கரண்ட் இல்லாமல் சீவிச்சனாங்கள், இதுக்குப் போய்ப் பயப்பிடுறியளே" என்று சொல்லி, கராஜில் கிடந்த சின்னக் கரி அடுப்பை எடுத்துவரச் செய்திருக்கிறார். கரி நன்றாகக் கனன்று புகை அடங்கிய பிறகே அதை உள்ளே கொண்டுவந்தார்கள். குசினி யன்னலை ஒரு விரல் அளவு திறந்தும் வைத்தார்கள். எல்லோரும் வரவேற்பறையில் ஒன்றாகப் படுத்தார்கள். நள்ளிரவு தாண்டி மகன் சத்தி எடுத்தான். மகளுக்குத் தலையிடி. வாசகிக்கும் தலைப்பாரம், கால் தளர்ச்சி. மாமியை எழுப்பினால் லேசில் எழும்பவில்லை, எழும்பியும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் குழறினார். கோவிட் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். 98 என்று காட்டியது. சரி, சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். "மகனின் உடுப்புகளை வெளியே போடப் பின்கதவைத் திறந்தேன். குளிர்காற்று பட்டதும் தலை தெளிந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது" என்று எழுதுகிறார். அடுப்பைத் தூக்கிப் பனியில் கொட்டி, யன்னல்களைத் திறந்தார்கள். அவசர இலக்கமான 911 ஐ அழைக்கவில்லை. மாமியிடம் ஒன்ராறியோ சுகாதார அட்டை இல்லை, ஆயிரக்கணக்கில் பில் வரும், விசாவில் கை வைப்பார்கள், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கரி மூட்டியது தெரிந்தால் சிறுவர் நலத்துறை கதவைத் தட்டும் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பயம்.

மறுநாள் காலை கணவர் இரண்டு மணிநேரம் ஸ்னோ வழித்திருக்கிறார். நடுநெஞ்சில் இறுக்கம், குளிரிலும் வியர்வை. "வாய்வு" என்று இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். குளிர்சாதனப் பெட்டி ஓடவில்லையே என்று மாமியின் இன்சுலினை யன்னலுக்கு வெளியே பனிக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். பிறகு அதையே எடுத்துப் போட்டதில் சீனி இறங்கவே இல்லை. இப்போது மாமி பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார், அடுப்பை நிறுத்த மறக்கிறார், நடையும் தளர்ந்திருக்கிறது. கணவரோ, "எல்லாரும் உயிரோடதானே இருக்கிறம், இதைப் பெரிசாக்காதே" என்கிறார். வாசகி கேட்பது: அது காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுதானா? புகையே வராத கரியில் இருந்து அது எப்படி வரும்? என் மகனின் மூளைக்கு ஏதும் ஆகியிருக்குமா? நான் 911 ஐ அழைத்திருக்க வேண்டுமா?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் முதலில் கேட்டது மகனைப் பற்றி. அதற்கு வருகிறேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் என்னைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார வைத்தன. ஒன்று மாமியின் மறதி, மற்றது கணவரின் நெஞ்சு. இரண்டுக்கும் நாள் தள்ள நேரமில்லை.

மாமியை இந்த வாரமே காட்டுங்கள்

காபன் மொனொக்சைட் நஞ்சு ஏறியவர்களில் ஒரு பகுதியினருக்கு, சுகமாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியான பிறகு மூளையில் பாதிப்பு தலைகாட்டும். சில நாளிலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். மறதி, குணத்தில் மாற்றம், நடை தளர்தல், சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போவது என்று அது பல விதமாகத் தெரியும். வயது கூடியவர்களுக்கும், நஞ்சேறிய நேரத்தில் நினைவு தடுமாறியவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். மாமிக்கு இரண்டும் பொருந்துகிறது.

"வயசு போனால் மறதிதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். வயோதிப மறதி வருடக்கணக்கில் ஊர்ந்து வரும். மூன்று வாரத்தில் ஒருவர் இப்படி மாறினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தேட வேண்டும். காரணம் அந்த இரவாக இல்லாமலும் இருக்கலாம். கட்டுக்கடங்காத சீனி, சிறுநீர்த் தொற்று, சிறிய பக்கவாதம், எப்போதோ தலையில் அடிபட்டு உள்ளே மெல்லக் கசியும் இரத்தம், இவையெல்லாம் இதே மாதிரித்தான் வெளியில் தெரியும். பலவற்றைச் சரிப்படுத்த முடியும் என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன். இடையில் முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எழுப்ப முடியாத தூக்கத்தில் இருந்தாலோ வாரம் எல்லாம் பார்க்காதீர்கள், உடனே 911.

மருத்துவரின் அறைக்குள் போனதும் முதல் வசனமே இதுவாக இருக்கட்டும்: "மூன்று வாரத்துக்கு முன் வீட்டுக்குள் கரி எரித்தோம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியும் சத்தியும் வந்தது, இவர் நினைவு தடுமாறினார்." நீங்கள் சொல்லாவிட்டால் அவரால் ஊகிக்க முடியாது. இப்போது இரத்தம் எடுத்தாலும் அந்த நஞ்சு தெரியாது, அது அடுத்த நாளே உடம்பை விட்டுப் போயிருக்கும். நீங்கள் சொல்லும் கதைதான் இனி அதற்கான சோதனை அறிக்கை.

செலவு பற்றி: சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். மாமி வரும்போது அதை எடுத்திருப்பீர்கள். அந்தப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். அதில் உள்ள இலக்கத்துக்கு முதலில் அழைத்து, நடந்ததைச் சொல்லி, எங்கே காட்டலாம் என்று கேளுங்கள். ஏற்கெனவே இருந்த நோய்களுக்கு என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்பதையும் வாசியுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த ஒரு பந்திதான் பிறகு தலைவலியாகும். காப்புறுதியில் சிக்கல் என்றால், சுகாதார அட்டை இல்லாதவர்களையும் பார்க்கும் சமூக சுகாதார நிலையங்கள் ரொறன்ரோவில் இருக்கின்றன. 811 க்கு அழைத்தால் ஒரு தாதி பேசுவார், 211 இல் உங்கள் பகுதியில் உள்ள நிலையத்தைக் கேட்டு அறியலாம்.

அந்த இரவில் நடந்தது

ஆம், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது காபன் மொனொக்சைட் என்பதில் எனக்கு அநேகமாகச் சந்தேகமே இல்லை. ஒரே கூரையின் கீழ் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, சத்தி, தளர்ச்சி. வெளிக்காற்று பட்டதும் தெளிவு. காய்ச்சல் இல்லை. உணவு நஞ்சானால் கதவைத் திறந்ததும் தலை தெளியாது.

"புகை வரவே இல்லையே டொக்டர், பிறகு எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்காகவே உங்கள் கடிதத்தை எடுத்தேன். கரி புகைவது அது பற்றத் தொடங்கும்போது. கனன்று சிவந்து, புகை அடங்கி, "இனி உள்ளே கொண்டுபோகலாம்" என்று நாம் நினைக்கும் அந்த நேரத்தில்தான் அது தொடர்ந்து காபன் மொனொக்சைட்டை வெளிவிடும். நிறமில்லை, மணமில்லை, கண் கரிக்காது, இருமல் வராது. சமையல் எரிவாயு கசிந்தால் மூக்கில் ஏறுகிறதே, அது நமக்குத் தெரியவேண்டும் என்று சேர்க்கப்பட்ட மணம். காபன் மொனொக்சைட்டுக்கு அப்படி யாரும் மணம் சேர்ப்பதில்லை. புகையை அளவுகோலாக வைத்தவர்கள் இந்த நஞ்சிடம் ஏமாந்துபோவார்கள்.

மாமியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவர் சொன்னது பொய்யான அனுபவம் இல்லை. 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்கில் கரண்ட் இல்லாமல், ஜாம் போத்தலில் திரி போட்டு மண்ணெண்ணெய் விளக்கு எரித்து வாழ்ந்த தலைமுறை அது. ஆனால் அந்த வீடுகள் மூச்சு விட்டன. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் காற்று ஓடியது, குசினியே பலருக்கு வீட்டை விட்டுத் தள்ளி இருந்தது, கதவு பகல் முழுக்கத் திறந்து கிடந்தது. கனடாவில் வீட்டைக் கட்டுவதே ஒரு பொட்டுக் காற்று உள்ளே வரக்கூடாது என்றுதான். ஒரு விரல் அளவு திறந்த யன்னல் இங்கே எந்த மூலைக்கும் போதாது. மாமியிடம் இதை இப்படியே சொல்லிப் பாருங்கள்: "நீங்கள் செய்தது பிழையில்லை மாமி, வீடுதான் வேற." அவர் அடுத்த முறை மற்ற வயதானவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ஆளாக மாறுவார்.

இந்தப் பிழையைச் செய்த முதல் குடும்பமும் நீங்கள் இல்லை. 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் உறைபனி மழை கொட்டி, நகரத்தில் மட்டும் ஏறக்குறைய 3,00,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. நத்தார் வரையிலும் அதற்குப் பிறகும் இருட்டில் இருந்த வீடுகள் உண்டு. வீட்டுக்குள் கரி எரித்து நஞ்சேறியதாகத் தீயணைப்புப் படைக்கு அந்த நாட்களில் அழைப்புகள் குவிந்தன. 2021 பெப்ரவரியில் டெக்சஸ் உறைந்தபோதும் இதே கதைதான், அங்கே கராஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடு பிடித்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

விரலில் மாட்டிய கருவி காட்டிய 98 உங்களை ஏமாற்றிவிட்டது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், காபன் மொனொக்சைட்டை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் கூடுதலாக இறுகப் பிடிக்கும். சாதாரண விரல் கருவிக்கு இரண்டும் ஒரே சிவப்பாகத்தான் தெரியும். மூளைக்கு ஒட்சிசன் போகாமல் ஒருவர் மயங்கிக் கிடக்கும்போதும் அது 98 என்று காட்டக்கூடும். இந்த நஞ்சு என்ற சந்தேகம் இருந்தால் அந்தக் கருவியைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

இப்போது மகன். சிறு பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுகிறவர்கள், அதனால் நஞ்சும் வேகமாக ஏறும். அவன்தான் முதலில் சத்தி எடுத்தான் என்பது அதனால்தான். அவன் நினைவு தவறவில்லை, வலிப்பு வரவில்லை, மறுநாளே ஓடி விளையாடினான், இப்போதும் பேச்சிலும் நித்திரையிலும் மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இவை எல்லாமே நல்ல அடையாளங்கள். இப்படித் தேறிய பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பிறகு ஒரு குறையும் வருவதில்லை. இருந்தாலும் இரண்டு பிள்ளைகளையும் குடும்ப மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அவன் சத்தி எடுத்ததால்தான் நீங்கள் எழும்பினீர்கள், பின்கதவைத் திறந்தீர்கள். அதை நினைத்து இரவில் அழுவதாக எழுதியிருக்கிறீர்களே, சகோதரி, அந்தக் கதவைத் திறந்ததும் நீங்கள்தான்.

911, காசு, விசா

அழைத்திருக்க வேண்டும். இதில் நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை. யன்னலைத் திறந்தது சரி, அடுப்பை வெளியே போட்டது மிகச் சரி. ஆனால் வீட்டுக்குள் நல்ல காற்று வந்த பிறகும் இரத்தத்தில் ஏறிய நஞ்சு பாதியாகக் குறையவே நாலைந்து மணிநேரம் எடுக்கும். முகமூடி வழியாக முழு ஒட்சிசன் கொடுத்தால் அதே வேலை ஒன்று, ஒன்றரை மணிநேரத்தில் முடியும். நினைவு தடுமாறியவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, நெஞ்சுவலி வந்தவர்களுக்கு காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்து ஒட்சிசன் கொடுப்பதைப் பற்றியும் யோசிப்பார்கள். ரொறன்ரோ பொது மருத்துவமனையில் அந்த வசதி இருக்கிறது. அந்த வாய்ப்பு மாமிக்குக் கிடைக்காமல் போனது.

"இந்தப் பனியில் அம்புலன்ஸ் எப்படி வரும்?" என்றும் நினைத்திருக்கிறீர்கள். தாமதமாகத்தான் வரும். ஆனால் 911 என்பது வெறும் வண்டி இல்லை, போனின் அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறார். "எல்லோரும் உடனே வெளியே வாருங்கள்" என்று அவர் சொல்லும் ஒரு வசனமே உயிரைக் காப்பாற்றும். தீயணைப்புப் படையினர் காற்றை அளந்து பார்த்து வீடு பாதுகாப்பானதா என்று சொல்வார்கள். ஆங்கிலம் தடுமாறினால் "டமில்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இதை மாமிக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பில்லைப் பொறுத்தவரை, ஒன்ராறியோவில் சுகாதார அட்டை உள்ளவருக்கு அம்புலன்ஸ் கட்டணம் பொதுவாக 45 டொலர், அட்டை இல்லாதவருக்கு 240 டொலர். மருத்துவமனைச் செலவு வேறு, அது பெரிய தொகையாகலாம். அதற்காகத்தான் அந்தக் காப்புறுதியே. அவசர சிகிச்சை பெற்றதற்காகச் சூப்பர் விசாவைப் பறிப்பதில்லை, அம்புலன்ஸில் வருகிறவர்கள் விசா பார்க்க வருகிறவர்களும் இல்லை.

சிறுவர் நலத்துறை பற்றி நான் சட்டத்தரணியாகப் பேச முடியாது, மருத்துவராகச் சொல்கிறேன். பிள்ளைகள் துன்புறுத்தப்படுகிறார்கள், கவனிப்பாரற்றுக் கிடக்கிறார்கள் என்று நியாயமான சந்தேகம் வந்தால் அறிவிக்கும் கடமை எங்களுக்கு உண்டு. குளிரில் பிள்ளைகளைக் காப்பாற்றப் போய்த் தெரியாமல் ஒரு பிழை செய்து, உடனே உதவி தேடி ஓடிவரும் தாயை நாங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. உண்மையில் எங்களுக்குக் கவலை தருவது, பயத்தால் பிள்ளையை நாட்கணக்கில் காட்டாமல் வைத்திருப்பது.

அப்புறம், காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி பற்றிக் கடிதத்தில் ஒரு வரி: "எச்சரிக்கைக் கருவி சும்மா சும்மா கத்தியதால் ஒக்டோபரில் இவர் கழற்றி வைத்துவிட்டார்." அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றைக் கீச்சொலி வந்தால் பற்றரி முடிகிறது, அல்லது கருவியே காலாவதியாகிறது என்று அர்த்தம். இந்தக் கருவிகளுக்கு ஆயுள் 7 முதல் 10 வருடம்தான், பின்பக்கம் திகதி இருக்கும். 2008 இல் ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டு ஒரே குடும்பத்தில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் நால்வரும் இறந்தார்கள். அவர்கள் வீட்டில் இந்தக் கருவி இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரால் வந்த சட்டம்தான் ஹோக்கின்ஸ்-ஜின்யாக் சட்டம். எரிபொருள் சாதனமோ, ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகில் இந்தக் கருவி இருக்கவேண்டும் என்ற விதி 2014 இல் அப்படித்தான் வந்தது. 2026 தொடக்கம் ஒவ்வொரு மாடியிலும் ஒன்று இருக்கவேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. வாடகை வீட்டில் பொருத்திப் பராமரிப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு, எழுத்தில் கேளுங்கள். கழற்றி வைப்பதை வாடகைக்கு இருப்பவர் செய்யக்கூடாது, சட்டப்படியும் குற்றம். கரண்டில் மட்டும் ஓடும் கருவி கரண்ட் போன இரவில் ஊமையாகிவிடும். பற்றரியும் உள்ளதாக வாங்குங்கள்.

கணவரின் "வாய்வு"

49 வயது ஆண், தெற்காசியர், கடும் வேலையில் நடுநெஞ்சில் இறுக்கம், கூடவே வியர்வை, ஓய்ந்ததும் குறைந்தது. இதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் வாய்வு என்று பெயர் இல்லை. இதய இரத்தக்குழாய் அடைப்பு என்று நினைத்துத்தான் தொடங்குவோம். முதல் நாள் இரவு ஏறிய காபன் மொனொக்சைட்டும் இதயத்துக்குப் போகும் ஒட்சிசனைக் குறைத்திருக்கும், அந்த உடம்போடு அவர் பனியைத் தூக்கி எறிந்திருக்கிறார். இது நாளைக்கே பார்க்க வேண்டிய விஷயம்: ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, அழுத்தம், கொழுப்பு, சீனி. அதுவரை மண்வெட்டியைத் தொடக்கூடாது. இறுக்கம் திரும்ப வந்தால் படியில் நடந்து பார்ப்பது, சோடா குடிப்பது எதுவும் வேண்டாம், 911. அஸ்பிரின் ஒவ்வாதவர் இல்லையென்றால் மென்று விழுங்கச் சொல்லி அங்கேயே சொல்வார்கள்.

கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு உண்டு. 20 சென்ரிமீற்றர் பனி கொட்டிய மறுநாள், ஆண்களில் மாரடைப்பால் அனுமதிக்கப்படுவது சுமார் 16 சதவீதமும், மாரடைப்பால் இறப்பது சுமார் 34 சதவீதமும் கூடியது. பெண்களில் அப்படித் தெரியவில்லை. யார் கையில் மண்வெட்டி இருந்தது என்பதுதான் வித்தியாசம் என்று நினைக்கத் தோன்றுகிறது. குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு கையால் பாரம் தூக்குவது இரத்த அழுத்தத்தை ஏற்றும், அதுவும் விடியற்காலையில், வருடம் முழுக்கக் கதிரையில் இருந்த உடம்பு. நம்மவர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிட முன்கூட்டியே வருகிறது என்பது இங்குள்ள மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "எல்லாரும் உயிரோடதானே இருக்கிறம்" என்று அவர் சொன்னால், இந்தப் பந்தியை மட்டும் வாசிக்கக் கொடுங்கள்.

பனிக்குள் புதைத்த இன்சுலின்

உறைந்த இன்சுலின் இளகிய பிறகு பார்வைக்குப் பழையபடியே இருக்கலாம், ஆனால் சரியாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அந்தப் போத்தலையும் பேனையையும் எறிந்துவிடுங்கள், காசைப் பார்க்காதீர்கள். பாவனையில் உள்ள இன்சுலினுக்குக் குளிர்சாதனப் பெட்டி தேவையே இல்லை, பெரும்பாலான வகைகள் அறை வெப்பத்தில் 28 நாள் அளவில் தாங்கும். அன்றைக்கு உங்கள் வீடே 11 டிகிரி. குசினி மேசையில் வைத்திருந்தாலே போதும். இரவில் வீடு இன்னும் இறங்கினால் துணியில் சுற்றி உடம்போடு வைத்துக்கொள்ளலாம். சீனி பார்க்கும் கருவியும் பட்டிகளும்கூடக் கடும் குளிரில் பிழையாகக் காட்டும், அவற்றையும் சூடாக வைத்திருங்கள். நீரிழிவு உள்ளவர் திடீரென்று குழறினால் சீனி இறங்கியும் இருக்கலாம் என்பதால், முதலில் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். இன்னொன்று: மாமியின் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கக்கூடும். சுடுதண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைத்தால் கொப்புளம் வந்த பிறகுதான் அவருக்கே தெரியும்.

அடுத்த புயலுக்கு முன்

2022 டிசம்பரில் எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோவில் அடித்த புயலை நினைத்துக்கொள்ளுங்கள். 37 மணிநேரம் கண் தெரியாத பனிக்காற்று. அம்புலன்ஸும் தீயணைப்பு வண்டிகளுமே பனியில் புதைந்து நின்றன. பஃபலோ இருக்கும் ஈரி மாவட்டத்தில் 40 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பனியில் சிக்கிய காருக்குள் சிலர், வெப்பம் போன வீட்டுக்குள் சிலர், ஸ்னோ வழித்து நெஞ்சடைத்துச் சிலர், உதவி வந்து சேராமல் சிலர். எனவே 12 மணிநேரத்தில் 15 சென்ரிமீற்றர் பனி என்று எச்சரிக்கை வந்ததுமே முடிவெடுங்கள். மாமியையும் பிள்ளைகளையும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவதென்றால் புயலுக்கு முதல் நாளே அனுப்ப வேண்டும், நடுவில் முடியாது.

வீட்டில் இருப்பதென்றால், எல்லோரும் ஒரே சிறிய அறைக்குப் போங்கள். கதவின் கீழ் துவாயைச் சுருட்டி வையுங்கள். மேசைமேல் போர்வையைப் போர்த்திக் கூடாரம் கட்டினால் பிள்ளைகளுக்கு விளையாட்டு, உடம்புச் சூடும் உள்ளே நிற்கும். தொப்பி, இரண்டு சோடிக் காலுறை. கரி அடுப்பு, வெளியில் பாவிக்கும் எரிவாயு அடுப்பு, ஜெனரேற்றர் எதுவும் வீட்டுக்குள்ளும் வேண்டாம், கராஜிலும் வேண்டாம், கராஜ் கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். ஜெனரேற்றர் என்றால் வீட்டில் இருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி. குசினியின் எரிவாயு அடுப்பை வீட்டைச் சூடாக்க மூட்டாதீர்கள். போன் சார்ஜ் செய்யக் காரை ஓடவிடுவதென்றால் கார் வெளியில் நிற்க வேண்டும், பின்குழாயைச் சுற்றிப் பனியை முதலில் அள்ள வேண்டும். கரண்ட் திரும்பியதும் கவனிக்க வேண்டிய ஒன்று: ஃபர்னஸின் வெள்ளைக் குழாய் பல வீடுகளில் பக்கச் சுவரில், தரையில் இருந்து சில அடி உயரத்தில்தான் வெளியே வரும். பனி அதை மூடியிருந்தால் ஃபர்னஸே நஞ்சைத் தள்ளும். முன்கதவை விட அந்தக் குழாயைச் சுற்றித்தான் முதலில் வழிக்க வேண்டும், அதையும் உங்கள் கணவர் இப்போதைக்குச் செய்யக்கூடாது.

மாமி நடுங்குவது ஒரு விதத்தில் நல்லது, உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். குளிரிலேயே இருந்துகொண்டு நடுக்கம் நின்று, தூங்கி வழிந்து, சொல் குழறினால் உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போயிருக்கலாம். அப்போதும் 911 தான். உயிராபத்து இல்லாத கேள்விகளுக்கு 311: குளிருக்கு ஒதுங்கும் வெப்ப நிலையங்கள் எங்கே திறந்திருக்கின்றன என்று சொல்வார்கள். கரண்ட் இருந்தும் வீட்டு உரிமையாளர் வீட்டைச் சூடாக வைக்காவிட்டால் அதற்கும் 311 தான். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்கு 21 டிகிரி கொடுக்க வேண்டியது அவர் கடமை.

இன்றைக்கு மூன்று அழைப்புகள்: கணவருக்காகக் குடும்ப மருத்துவருக்கு ஒன்று, மாமியின் காப்புறுதிக்கு ஒன்று, எச்சரிக்கைக் கருவிக்காக வீட்டு உரிமையாளருக்கு ஒன்று. கணவருக்கு நாளைக்கு நேரம் கிடைக்காவிட்டால் எமர்ஜென்சிக்கே கூட்டிப்போங்கள். மாமியைப் பார்த்த மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.